யாரும் சேர்க்காத இரண்டு ரூபாய்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறேன். சாயப்பட்டறையிலிருந்து லாட் லாட்டாக வரும் துணி ரோலை மிஷினில் ஓடவிட்டு, ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, ஷேடு எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒரு ரோலைப் பார்த்து, இது நல்லாத்தான் வந்திருக்கும் என்று ஒருமுறைகூட நினைத்தது கிடையாது. அப்படி நினைக்கிற ஆளை செக்கிங்கில் வைத்திருக்கவும் மாட்டார்கள்.

இந்தப் புத்தி ஷிப்ட் முடிந்ததும் கழன்று விழுந்துவிடாது. காய்கறிக்காரர் தராசையும் பெட்ரோல் பங்க் மீட்டரையும் முறைத்துப் பார்ப்பேன். ஒருநாள் சாப்பிடும்போது, "ரசம் நேத்து மாதிரி இல்லியே" என்று கேட்டுவிட்டேன். என் மனைவியும் கல்யாணத்துக்கு முன்பு கம்பெனிக்குப் போனவள்தான். "ஆமாங்க, லாட் மாறிப்போச்சு. வேணும்னா ரிட்டன் பண்ணீருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

இப்படிப்பட்டவன் நாணயம் சேர்க்கிற பழக்கத்தில் விழுந்தது ஆச்சரியமில்லை. ஒவ்வொரு காசையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, வருடத்துக்குக் கீழே புள்ளியா நட்சத்திரமா டைமண்டா என்று லென்ஸ் வைத்துத் தேடலாம். அந்தக் குறி, காசை எந்த ஊரில் அடித்தார்கள் என்று சொல்லும். ஒரே வருடத்து ஒரே காசில் ஒரு குறி தெருவெல்லாம் கிடைக்கும், இன்னொரு குறிக்கு ஆயுசு முழுக்க அலைய வேண்டியிருக்கும். அலைவதும் சந்தேகப்படுவதும் எனக்குப் பிடித்த காரியங்கள்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். நூல்கண்டும் தையல் ஊசியும் விற்கிற ஒரு கடையின் மாடி. நீளமான மேஜை, அதன் மேல் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, தட்டில் அவரவர் கொண்டு வந்த காசு. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு கட்டிங் மாஸ்டர், இரண்டு மூன்று கடைக்காரர்கள், நான், பாய். இதில் எனக்கு நண்பர் என்று சொல்ல பாய் மட்டும்தான்.

பாய் பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்தார். கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளை வாங்கி, நிறம் பிரித்து, பேல் என்கிற பெரிய கட்டுகளாக அழுத்திக் கட்டி மில்லுக்குக் கொடுப்பார். மில்லில் அதைப் பிய்த்து மறுபடி நூலாக்குவார்கள். இந்தத் தொழிலில் நிறம்தான் எல்லாம். சுத்த வெள்ளைக்கு ஒரு விலை, லைட் கலருக்கு அதைவிடக் கம்மி, டார்க்குக்கு இன்னும் கம்மி. வெள்ளைப் பேலுக்குள் பிஸ்கட் கலர் துண்டு நாலு கிடந்தால் மில்காரன் லோடையே திருப்பி அனுப்பிவிடுவான். பாய் மங்கலம் ரோட்டுப் பக்கம் கொடோன் போட்டு முப்பது வருடம் நடத்தினார், அவர் வெள்ளை என்று சொல்லி அனுப்பிய பேலை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னைத் தம்பி என்பார், ஆனால் மரியாதையோடுதான் பேசுவார்.

எங்கள் மாடியில் எந்தக் காசுக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்பது எழுதாத சட்டம். ஓட்டைக் காலணா வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். தாமரைப் பூப் போட்ட பித்தளை இருபது பைசாவுக்கு எப்போதும் ஆள் உண்டு. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு காலத்தில் கிளம்பிய புரளி இன்னும் அடங்கவில்லை. அதே இருபது பைசா அலுமினியத்தில் வந்ததே, அதைச் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார்கள். ஒரே மதிப்பு, ஒரே சர்க்கார், ஆனால் ஒன்று மகாராணி, மற்றது அநாதை. ஒரு ரூபாய்க்கும் பழைய கனத்த ஐந்து ரூபாய்க்கும் கிராக்கி இருக்கும். எல்லோரும் ஒருமனதாக வெறுத்தது இரண்டு ரூபாயை. புதிதாக வருகிறவர் யாராவது ஆசையோடு ஒரு டப்பா நிறைய இரண்டு ரூபாய் கொண்டு வந்தால் கட்டிங் மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டீக்குக் குடுத்துருங்க" என்று சொல்லிவிடுவார்.

ஏன் இந்த வெறுப்பு என்று நான் வருடக்கணக்கில் யோசித்திருக்கிறேன். அடித்துத் தள்ளிவிட்டார்கள், தெருவெல்லாம் கிடக்கிறது என்பார் பேங்க்காரர். அப்படிப் பார்த்தால் ஒரு ரூபாய் இன்னும் அதிகமாகக் கிடக்கிறது. மனிதர்கள் சின்ன வயதில் கையில் வைத்து ஏங்கிய காசைத்தான் பெரியவர்களானதும் தேடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். இரண்டு ரூபாய்க் காசு எங்கள் வயதுக்காரர்களிடம் மீசை முளைத்த பிறகு வந்தது, அதற்காக யாரும் அழுது அடம்பிடித்ததில்லை. மொய்க் கவரில் ஒட்டுவது ஒரு ரூபாய். சாமிக்கு முடிந்து வைப்பதும் ஒரு ரூபாய். எந்தச் சடங்கிலும் இரண்டு ரூபாய்க்கு இடம் கிடையாது.

ஆனால் முக்கியமான காரணம் வேறு. அது ஏமாற்றுகிற காசு. முதலில் மூலை வைத்து அடித்தார்கள், பிறகு வட்டமாக்கினார்கள், பிறகு இளைக்க வைத்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு ரூபாய் என்று நினைத்து இரண்டு ரூபாயைக் கொடுத்துவிடுவார், டூட்டி முடிந்து இறங்கும்போது கணக்கு உதைக்கும். நாம் இரண்டு என்று நினைத்து வாங்கி வைத்தது வீட்டில் வந்து பார்த்தால் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்க வைக்கிற பொருளை யாரும் ஆசையாக ஆல்பத்தில் வைக்கமாட்டார்கள். பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்டதை நம்பி எங்கள் தெரு மளிகைக் கடைக்கார அம்மா இன்றைக்கும் வாங்க மறுக்கிறார். செல்லும் என்று நானே பலமுறை வாதாடியிருக்கிறேன். ஆனால் அவர் எனக்கு மீதியாக ஒன்றைக் கொடுத்தால் நானும் வாங்கமாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்தவர் ஒருவருடைய இரண்டு ரூபாய் டப்பாவை கட்டிங் மாஸ்டர் வழக்கம் போல ஒதுக்கித் தள்ளினார். பாய் கையை நீட்டி அந்த டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்குக் குடுத்தர்றீங்களா? காசுல போட்டிருக்கற வெலைக்கே எடுத்துக்கறேன்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. பாய் டப்பாவில் கைவிட்டு ஒவ்வொரு காசாக எடுத்து, கட்டைவிரலால் தடவி, வட்டக் காசை ஒரு பக்கமும் மூலை வைத்த காசை ஒரு பக்கமும் போட்டார். பிறகு மூலைக் காசுகளை மட்டும் எடுத்து இரண்டாகப் பிரித்தார். இதையெல்லாம் செய்யும்போது அவர் காசைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாணயம் சேர்க்கிறவன் காசின் முகத்தைத் தொடமாட்டான். ஓரத்தில்தான் பிடிப்பான், விரலில் இருக்கும் எண்ணெய் பட்டால் மெருகு போய்விடும். பாய்தான் இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர். அவரே தடவுகிறார் என்றால் காரணம் இருக்க வேண்டும். அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த மாதம் லென்ஸையே கொண்டு வரவில்லை. "மறந்துட்டேன் தம்பி" என்றார். ஜன்னலோரம்தான் உட்கார்வேன் என்று பேங்க்காரரின் வழக்கமான நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எத்தனையோ வருடம் மொபெட்டில் வந்தவர் மருமகன் பைக்கில் வந்து இறங்க ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பெட்ரோல் விக்கற வெலைக்கு அதை யாரு ஓட்டறது" என்றார். மருமகன் பைக் என்ன தண்ணீரிலா ஓடுகிறது என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. துணிக்காரர்கள் ஊரில் ஒருவர் ஒரு பொருளைப் பார்க்காமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் ஒரே ஒரு அர்த்தம்தான்: கனம் பார்க்கிறார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நிற்கும் என்பதை நாங்கள் ஜி.எஸ்.எம். என்போம். பழக்கமானவர்கள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டே துணியைத் தேய்த்து, நூற்றெண்பது வரும் என்பார்கள், தராசில் போட்டால் நூற்றெண்பதே நிற்கும். கண்ணை வேறு பக்கம் திருப்பினால்தான் விரல் ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்வதும் உண்டு. ஆகவே பாய் இரண்டு ரூபாயில் ஒரு கனம் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று முடிவு செய்தேன். எங்கேயோ தப்பாக அடித்த, கனம் கூடிய அல்லது குறைந்த ஒரு ரகம் இருக்கிறது. வெளியே தெரிவதற்கு முன்னால் ஊரிலுள்ளதை எல்லாம் அள்ளிக்கொள்ளப் பார்க்கிறார். இருபது வருடம் பழகிய என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

கம்பெனியில் துணியை வட்டமாக வெட்டி எடை போடுகிற சின்னத் தராசு என் பொறுப்பில்தான் இருக்கிறது. மதிய சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நான் இரண்டு ரூபாய்களை நிறுக்க ஆரம்பித்தேன். மூலை வைத்தது ஆறு கிராம் நிற்க வேண்டும். சிலது ஐந்தே முக்காலுக்குப் பக்கத்தில் நின்றது. அதை எடுத்துத் தனியாக வைத்து மறுநாள் நிறுத்தால் கொஞ்சம் கூடிப் போயிருந்தது. தட்டில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். டீக்கடை, பூக்கடை, கோயில் வாசல் என்று சில்லறை மாற்றி மாற்றி ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு இரண்டு ரூபாய் சேர்த்துவிட்டேன். டீக்கடையில்கூட எல்லோரும் போனைக் காட்டிக் காசு கொடுக்கிற காலம். நான் மட்டும் நோட்டை நீட்டி இரண்டு ரூபாயாக மீதி கேட்டால் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மனைவி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற, காசு நிரம்பிய பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "மருந்துக் கடைக்குப் போய்ட்டு வரலாமுங்களா, இல்ல நேரா டாக்டருகிட்டயே போலாமா" என்றாள்.

கனத்தில் ஒன்றும் அகப்படவில்லை. தேய்ந்த காசு குறையும், தேயாத காசு நிற்கும், அவ்வளவுதான். நியாயமான மனிதன் அத்தோடு விட்டிருப்பான். எனக்குச் சந்தேகம் கூடித்தான் போனது.

பாய்க்கு வேஸ்ட் கொண்டு போய்ப் போடுகிற புரோக்கர் ஒருவர் எங்கள் கம்பெனிக்கும் வருவார். சாமளாபுரத்துக்காரர். வெட்டுத் துண்டுகளை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, என்னோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, பாய் கொடோன்ல ரெண்டு ரூபா காசு எதாச்சும் சேத்து வெச்சிருக்காருங்களா? எதுக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"காசுங்களா? நான் அதெல்லாம் கவனிக்கலீங்களே. ஏனுங்க?"

"என்னமோ மறைக்கறாருங்க. முன்னெல்லாம் லென்ஸ் இல்லாம ஒரு காசத் தொடமாட்டாரு. இப்ப லென்ஸ எடுக்கறதே இல்ல. எதையும் கண்ணால பாக்கறதில்ல, தடவித் தடவித்தான் பாக்கறாரு. மொகத்தை வேற பக்கம் திருப்பிக்கறாரு. வண்டியும் ஓட்டறதில்ல."

புரோக்கர் டீயை வாயருகே கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார். பிறகு மெதுவாக ஒரு வாய் குடித்தார். "அப்படீங்களா" என்றார். "வண்டியும் ஓட்டறதில்லீங்களா" என்று இன்னொருமுறை கேட்டுக்கொண்டார். நான் கெட்டிக்காரத்தனமாக உளவாளி வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உளவாளி எந்தச் சேதியும் கொண்டு வரவில்லை. ஆகவே நானே ஒரு பொறி வைத்தேன். பாய் ஒன்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு ஒற்றை ரூபாய் உண்டு. வருடத்துக்குக் கீழே நட்சத்திரம் போட்டது, அவருடைய ஆல்பத்தில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கோயமுத்தூரில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் வாங்கி வந்தேன். சாதாரணமான பத்து ஒரு ரூபாய்களோடு அதைக் கலந்தேன். எடுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தால் பாய் திருடர். சந்தோஷப்பட்டுக் கூவினால் யோக்கியர். இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று நான் நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டை அவர் முன்னால் நகர்த்தினேன். "பாய், இதுல எதாச்சும் தேறுமான்னு பாருங்க."

பாய் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தட்டில் விரலை ஓடவிட்டார். பதினொரு காசையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். நட்சத்திரம் போட்டதும் அவர் விரலுக்கு அடியில் போய் வந்தது.

"எல்லாம் சாதா ஒரு ரூபாதானுங்க தம்பி. டீக்குக் குடுத்துருங்க."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பேங்க்காரர் கையிலிருந்த லென்ஸோடு எட்டிப் பார்த்தார். "என்னுங்க பாய், நீங்க தேடுன நட்சத்திரமே இதுல கெடக்குதுங்களே. இதா, மேலயே இருக்குது."

பாயின் விரல் நின்றது. அவர் தட்டைக் குனிந்து பார்க்கவில்லை. பேங்க்காரர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதவரைப் போல வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தார். அவருடைய கண்கள் பேங்க்காரரின் தோளுக்கு மேலே, வெறும் சுவரில் இருந்தன.

லென்ஸ், ஜன்னல், மொபெட், விரல். எல்லாவற்றையும் நான் பார்த்திருந்தேன், ஒவ்வொன்றையும் கவனமாகத் தப்பாகப் பார்த்திருந்தேன். தட்டைச் சட்டென்று என் பக்கம் இழுத்து, "அது நான் இப்பத்தான் போட்டனுங்க, பாய் பாத்து முடிச்சதுக்கப்புறம், சும்மா வெளையாட்டுக்கு" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். பேங்க்காரர் நம்பினாரா என்று தெரியாது. பாய் சிரித்துவிட்டு, "தம்பி என்னை ஏமாத்தப் பாக்கறாரு" என்றார்.

கூட்டம் முடிந்ததும் அவரோடு இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துப் படிகளை எண்ணிக்கொண்டே வந்தார். கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"சக்கரை தம்பி. கண்ணு நரம்பத் தின்னுருச்சு. எடது கண்ணு ரண்டு வருசத்துக்கு முன்னாலயே போச்சு. வலதுல, மொகத்து மேல வெள்ளைத் துணியப் போட்டுட்டுப் பாக்கற மாதிரி இருக்குதுங்க. ஆளு தெரியுது, மொகம் தெரியறதில்ல."

"ஆஸ்பத்திரி?"

"எல்லாம் பாத்தாச்சுங்க. இனி வராதுன்னுட்டாங்க."

"ஏனுங்க பாய், என்கிட்டக்கூடச் சொல்லாம..."

"யாருகிட்டச் சொல்றது? வெள்ளை எது, லைட்டு எதுன்னு தெரியாதவன்னு வெளிய தெரிஞ்சா, நான் மார்க்கெட்ல ஒரு நாள் தாங்குவனா? பேலுக்கு மேல வெள்ளைய வெச்சு உள்ள குப்பைய வெச்சுக் கட்டிருவாங்க. சின்னவ கல்யாணம் வரைக்கும் ஓட்டீட்டாப் போதும். அது வரைக்கும் சமாளிச்சுருவேன். ஊட்லயும் மருமகனுக்கும்தான் தெரியும், இப்ப உங்களுக்கு."

இரண்டு ரூபாய் எதற்கு என்று கேட்டேன். இப்போது கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார்.

"இதுக்கு மூலை இருக்குதுங்க தம்பி, பதினொண்ணு. ஒரு பக்கம் இந்தியா மேப்பு, மேடா இருக்குது, கைக்கு நல்லாத் தெரியும். செலதுல மேப்புக்குப் பதிலாத் தலை இருக்கும், அதும் தெரியும். மத்த காசெல்லாம் எனக்கு இப்ப வெறும் வட்டம். காசு சேக்கறத உட்டுட்டு ஊட்ல உக்காருன்னு சொல்றாங்க. அந்த மாடிக்கு வர்றத உட்டா நான் எங்க போறது? அதான் கைக்குத் தெரியறதச் சேக்கறேன்."

கண்ணை மட்டும் நம்புகிற நாங்கள் வேண்டாம் என்று தள்ளிய காசு அது. நான் ஆயிரத்து இருநூறை நிறுத்தவன், அதற்கு எத்தனை மூலை என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

எழுந்திருக்கும்போது அவர் என் கையைப் பிடித்தார். "யாருகிட்டயும் சொல்லலீங்கல்ல?"

நான் சொல்லியிருந்தேன். டீ டம்ளரோடு நின்ற புரோக்கரின் முகம் கண்முன் வந்தது. "வண்டியும் ஓட்டறதில்லீங்களா" என்று அவர் எதற்காகத் திரும்பக் கேட்டார் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நான் கனம் என்று தப்பாகப் படித்ததை அந்த ஆள் ஒரு வாய் டீக்குள் சரியாகப் படித்துவிட்டார்.

"இல்லீங்க பாய்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து அவர் வந்ததும் கொடோனுக்குப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். பரிவு என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையில் புரோக்கர் கொண்டு வந்த பேல்களைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் நான் போவதற்குள் அவை மில்லுக்குப் போயிருக்கும். அங்கே வேலை செய்கிற பெண்கள் கலந்து வருகிற மூட்டைகளைத்தான் பிரிப்பார்கள். வெள்ளை என்று கட்டி வருகிற பேலை பாய் ஒரு ஓரத்தில் கைவிட்டுப் பார்த்து அப்படியே ஏற்றிவிடுவார், முப்பது வருடமாக அதுதான் முறை. டார்க் துண்டு என்றால் அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும், சாயம் ஏறிய துணி கொஞ்சம் முறுக்காக இருக்கும். புரோக்கர் அதையும் யோசித்திருந்தார். வெள்ளைக்கு நடுவில் க்ரீமும் வெளிறிய பிஸ்கட் கலருமாக வைத்துக் கட்டினார். அதைக் கையால் கண்டுபிடிக்க இந்த ஊரில் யாராலும் முடியாது.

முதல் லோடு பல்லடம் பக்கத்து மில்லிலிருந்து திரும்பி வந்தது. ஏதோ தவறு என்று மில்காரரும் பேசாமல் இருந்துவிட்டார். இரண்டாவதும் திரும்பியது. மூன்றாவது முறை லோடை வாசலிலேயே நிறுத்தி, எல்லாப் பேலையும் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். பாய் வெள்ளை என்றால் வெள்ளை என்ற பேச்சு அன்றோடு மார்க்கெட்டில் முடிந்தது. யாரும் அவரைக் குருடர் என்று சொல்லவில்லை, வயதான காலத்தில் புத்தி கெட்டுத் திருட்டு வேலை செய்கிறார் என்றார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி அவரைக் காப்பாற்றவும் வழி இல்லை, சொன்னால் அவர் மறைத்தது வெளியே வந்துவிடும்.

என்னைக் காப்பாற்ற மட்டும் எனக்குப் பல வழிகள் தெரிந்தன. புரோக்கர் எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். வேறு யாராவதும் சொல்லியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். கம்பெனிக்கு வந்த புரோக்கரிடம் ஒருமுறை சண்டைக்கே போனேன். அவர் பதறவில்லை. "நீங்கதானுங்க சொன்னீங்க" என்று மட்டும் மரியாதையாகச் சொல்லிவிட்டு மூட்டையை ஏற்றப் போய்விட்டார். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் பாயிடம் போய் உட்கார்ந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன், நொய்யலில் வந்த சாயத் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். கிளம்பும்போது, அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டுவேன்.

நாலாவது மாதம் கொடோன் கைமாறியது. எடுத்துக்கொண்டவர் அதே புரோக்கர். சின்ன மகளின் கல்யாணம் தள்ளிப் போனது என்று மருமகன் மூலமாகத் தெரிந்தது. அந்த வாரம் பாயின் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுகொண்டு, "வாங்க தம்பி" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் வெயிலைப் பற்றிப் பேசிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"பாய், அந்தப் புரோக்கருகிட்ட உங்களைப் பத்திச் சொன்னது நான்தானுங்க. கண்ணுன்னு எனக்குத் தெரியாது. நீங்க எதையோ மறைக்கறீங்கன்னு சந்தேகப்பட்டுச் சொன்னேன். அன்னிக்கு டீக்கடைல நீங்க கேட்டப்பவும் பொய் சொல்லீட்டேன்."

உள்ளே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"தெரியுமுங்க தம்பி" என்றார். "மூணாவது லோட வாசல்ல நிறுத்துன அன்னிக்கே அந்த ஆளுகிட்டக் கேட்டேன். யாரு சொன்னாங்கன்னு அவரே சொல்லீட்டாரு."

"அப்புறம் ஏனுங்க நீங்க என்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்கல?"

"முப்பது வருசம் யாவாரத்துல எல்லாரையும் சந்தேகப்பட்டுத்தானுங்க பொழச்சேன். உங்க ஒருத்தரை மட்டும் அந்தக் கணக்குல சேக்கறதில்லைன்னு வெச்சிருந்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டார். "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வந்தீங்க. ஒவ்வொரு வாரமும், இன்னிக்குச் சொல்லிருவாருன்னு உக்காந்திருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. நான் நின்றபடியே இருந்தேன்.